பூவாளியின் உபசாரம்

கடற்கரை மணலில் படர்ந்த அடும்பங்கொடியில் ஒரு துண்டை எடுத்துவந்து, வீட்டுக்காரி வாசல் தொட்டியில் நட்டாள். பூத்தால் பட்டாம்பூச்சி வரும் என்று ஆசை. விருந்தாளி வந்த குஷியில், பக்கத்தில் இருந்த பழைய தகரப் பூவாளிக்குத் தலைகால் புரியவில்லை.

"கூச்சப்படாம குடிடி," என்று வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றியது.

"போதும்க்கா. நான் மணல்ல வளந்தவ, வெயில் இருந்தாலே எனக்குப் போதும்," என்றது அடும்பு.

விருந்தாளி சொல்கிற 'போதும்' கணக்கில் சேராது என்பது பூவாளியின் கட்சி. இன்னும் ஊற்றியது. இலை மஞ்சளித்தது. எட்டிப் பார்த்த பட்டாம்பூச்சி, மொட்டுகூட இல்லாததைக் கண்டு திரும்பிப் போயிற்று. பதறிப்போன பூவாளி இரண்டு பங்காக ஊற்ற, வேர் அழுக ஆரம்பித்தது.

நல்லவேளை, அதற்குள் பூவாளியின் அடி துருப்பிடித்து ஓட்டையானது. வீட்டுக்காரி அதைச் சுவரோரம் போட்டுவிட்டு, வேறு வாங்க மறந்துபோனாள். தொட்டி மண் காய்ந்தது. அடும்பு மெல்லத் தேறிப் படர்ந்து, ஒரு காலையில் ஊதாப் பூவாக விரிந்தது. பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்தது.

"எல்லாம் நான் ஊட்டி வளத்த உடம்பு," என்றது மூலையிலிருந்து பூவாளி, பட்டாம்பூச்சியிடம். "நான் படுத்ததுல பாவம், பட்டினியா கெடக்கா. ஓட்டைய அடைக்கட்டும், உனக்கும் சேத்து ஊத்துறேன்."

அன்றைக்கே அடும்பு ஒரு கொடியைச் சுவர் தாண்டிக் கடல் பக்கமாக அனுப்பியது.