மாவிலித்துறையில் ஒரு வழக்காளி

“அண்ணை, என்னை ஒருக்கா குறிகட்டுவான் துறையிலை கொண்டே விடுவியளோ? பத்து மணிக்கு எனக்குக் கோட்டிலை வழக்கு!”

மாவிலித்துறையில் நின்று துஷாந்தினி கத்தினாள். சோளகக் காற்று அவள் குரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. நெடுந்தீவிலிருந்து காலையில் போகும் பயணிகள் படகு இந்தக் காற்றுக்கு ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். வந்த சனம் முணுமுணுத்தபடி வீடு திரும்பிவிட்டது. அவளால் திரும்ப முடியாது. போன தவணைக்குக் காய்ச்சலில் கிடந்து போகவில்லை. இன்றைக்கும் போகாவிட்டால் வழக்குத் தள்ளுபடிதான் என்று அவளுடைய சட்டத்தரணி போனில் சொல்லியிருந்தார்.

படகுக்காரர் தன் பைபர் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இந்த வழக்குக்குப் போக அவரிடமே கேட்க அவளுக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனால், துறையில் வேறு படகு இல்லையே.

அவர் அவளைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். திரும்பவும் அவளைப் பார்த்தார்.

“ஏறும்,” என்றார். “லைப் ஜக்கற்றைப் போட்டிட்டு நடுவிலை இரும்.”

வழக்கு ஒன்றும் பெரிய இரகசியம் இல்லை. ஊருக்கே தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அரியநாயகம் என்பவர் தன் இரண்டு பரப்புக் காணியை, அதிலிருக்கும் நல்ல தண்ணீர்க் கிணற்றோடு, துஷாந்தினிக்கு விற்பதாக நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பந்தம் எழுதினார். முற்பணமும் வாங்கினார். உறுதிப் பத்திரம் எழுதி முடிக்க வேண்டிய நாள் வந்ததும் மனிதர் மனம் மாறிவிட்டார். காசைத் திருப்பித் தருகிறேன் என்றார். இவள் மறுத்துவிட்டாள். ஒப்பந்தப்படி காணியையே எழுதித்தரக் கட்டளையிட வேண்டும் என்று வழக்குப் போட்டாள். தன் பெயரில் உறுதி இருந்தால்தான் அரசாங்க வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைக்கும். அதுவரைக்கும் இரண்டு பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு, தண்ணீர் பவுசர் வண்டி எப்போது வரும் என்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறை காணி பாத்திருக்கலாமே?” என்றார் படகுக்காரர், எஞ்சின் சத்தத்துக்கு மேலால்.

“காசிலை தண்ணி ஊறுமே அண்ணை? நெடுந்தீவிலை நல்ல தண்ணிக் கிணறு எத்தினை கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்.”

“அது சரி. எண்டாலும் எதிராளியின்ரை பக்கத்திலையும் ஒரு நியாயம் இருக்கும்தானே?”

துஷாந்தினிக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்ன பெரிய நியாயம்! லண்டனிலை இருக்கிற தமக்கை, ‘அப்பு இருந்த வளவைப் பிறத்தியாருக்குக் குடுத்துப் போடாதை’ எண்டு போனிலை அழுதவவாம். அவ அங்கை இருந்து அழ, நான் இஞ்சை குடம் தூக்கிறதோ? கையெழுத்து வைக்க முந்தியெல்லோ அக்காவைக் கேட்டிருக்க வேணும்!”

“ஓம். கேட்டிருக்கத்தான் வேணும்,” என்று அவர் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

நடுக்கடலில் பெரிய அலை ஒன்று படகைத் தூக்கிப் போட்டது. துஷாந்தினி கண்ணை இறுக மூடிக்கொண்டு நயினைக் கோயில் அம்மாளைக் கூப்பிட்டாள். அவர் வேகத்தைக் குறைத்து, படகின் மூக்கை அலைக்கு நேரே பிடித்தார்.

“பயப்பிடாதையும். பைல் நனையப் போகுது, அதை இஞ்சாலை தாரும்.”

தான் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றினார். அவளுடைய வழக்குப் பைலை அதற்குள் வைத்துச் சுற்றி, கயிற்றால் கட்டிக் கொடுத்தார். பைல் தப்பிவிட்டது. அடுத்த அலையில் அவர்தான் தலையிலிருந்து கால்வரை தோய்ந்துபோனார். அதைப் பார்த்த துஷாந்தினிக்கு அழுகை வந்துவிட்டது.

“அண்ணை, நீங்கள் ஏத்தாட்டி என்ரை வழக்கு இண்டையோடை முடிஞ்சிருக்கும். இந்த நன்றியை நானும் பிள்ளையளும் சாகுமட்டும் மறக்கமாட்டம்.”

“துறையிலை ஆள் நிக்க வெறும் படகை எடுத்துக்கொண்டு போறேல்லை. அப்பு காலத்திலையிருந்தே எங்கடை வழக்கம் அது. நன்றி கின்றி எண்டு சொல்லி என்னை வெக்கப்படுத்தாதையும்.”

குறிகட்டுவானில் இறங்கும்போது ஒன்பதரை. அவள் ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு ஓட்டோ ஒன்றைப் பிடித்தாள். “எனக்கும் ஊர்காவற்றுறையிலை அலுவல் கிடக்கு,” என்று அவரும் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

நீதிமன்றத்துக்குள் அவள் ஓடியபோது எதிராளியின் சட்டத்தரணி எழுந்து பேசிக்கொண்டிருந்தார்.

“கனம் நீதிபதி அவர்களே, வழக்காளி இன்றும் சமுகமளிக்கவில்லை. எனவே இந்த வழக்கைத் தள்ளுபடி செய்யுமாறு...”

“வந்திட்டன் ஐயா! நான் வந்திட்டன்!”

எல்லோரும் திரும்பினார்கள். அவளுடைய சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போன கிழமைதான் மாற்றலாகி வந்த நீதிபதி அவளை வியப்போடு பார்த்தார்.

“இண்டைக்கு நெடுந்தீவுப் படகு ஓடேல்லையாமே அம்மா. எப்பிடி வந்தனீங்கள்?”

துஷாந்தினி வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே ஈரம் சொட்டச் சொட்ட நின்ற படகுக்காரரை நோக்கிக் கை கூப்பினாள்.

“இந்த அண்ணைதான் ஐயா தன்ரை படகிலை கொண்டந்து சேத்தவர். இவர் இல்லாட்டி எனக்கு வழக்கே இல்லை.”

நீதிபதியின் முகம் மலர்ந்தது.

“இந்தக் காலத்திலையும் இப்பிடி ஆக்கள் இருக்கினம். நல்லது ஐயா. உங்கடை பேர் என்ன?”

“அரியநாயகம்,” என்றார் படகுக்காரர், தோளிலிருந்த ஈரத் துவாயை எடுத்துக் கையில் பிடித்தபடி. “இந்த வழக்கிலை எதிராளி நான்தான் ஐயா.”