ஒப்புதல் பொத்தான்

உப்பளத்தில் வேலை செய்யும் செல்வக்கனி, தாடை வலிக்கிறதென்று கணவரோடு வந்தாள். டாக்டர் மெர்லின் கையிலிருந்த, நோயைக் கணித்துச் சொல்லும் கருவி ஒரு நிமிடம் அவளை ஆராய்ந்து, 'வாயுத் தொல்லை, வீட்டுக்கு அனுப்பலாம்' என்றது. மெர்லினுக்கோ இதயக் கோளாறாக இருக்குமோ என்று பட்டது. ஆனால் கருவியை மறுத்தால் பதினோரு பக்கம் விளக்கம் எழுத வேண்டும். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டாள்.

மறுநாள் விடியுமுன் செல்வக்கனி இறந்துபோனாள். கருவி சொன்னபடி நடந்ததால் மெர்லின்மேல் தவறில்லை என்று விசாரணையும் முடிந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கணவர் இசக்கிமுத்து இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தார். "கருவிக்கே தெரியலை, நீங்க என்னம்மா செய்வீங்க?" என்று அவரே ஆறுதல் சொன்னார்.

மெர்லினால் அதைத் தாங்க முடியவில்லை.

"எனக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சு, அண்ணாச்சி. இருந்தும் அனுப்பிட்டேன்."

அவர் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தார்.

"டாக்டரம்மா முகமே சரியில்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்னு அன்னைக்கு பஸ்ல திரும்பிப் போகும்போதே அவ சொன்னா," என்றார் பிறகு. "கருவி தப்பு சொல்லாதுன்னு நான்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்."