பஞ்சாரத்துக் கோழி

ராமக்காள் வீட்டு வாசலில் முட்டை ஓடு கிடந்தது. அதைக் கண்டதும் பக்கத்து வீட்டு முருகம்மாளுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது.

"அடியே ராமக்கா! எங்கோழி முட்டையத் திருடித்தான் உன் மருமகளுக்கு ஆக்கிப் போடுறியா?"

சாணிக்கூடையோடு வந்த ராமக்காள் திகைத்து நின்றாள். "கருப்பன் மேல சத்தியமா நான் உன் பஞ்சாரத்தத் தொடல மதினி. இது எங்கோழி வச்சது."

"குப்பையக் கிளறிக் கரையான் பொறுக்குற உன் நோஞ்சான் கோழி வைக்குமாம்! மக்காச்சோளமாத் தின்னு மினுமினுன்னு இருக்குற எங்கோழி வைக்காதாம்! கேக்குறவ கேனச்சியா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க!"

முருகம்மாளின் ஆத்திரத்திலும் நியாயம் இருந்தது. அவள் மகள் தலைப்பிள்ளை உண்டாகி, சோகை பிடித்து வெளுத்துக் கிடந்தாள். தினம் ஒரு முட்டையாவது கொடுக்காவிட்டால் பிள்ளை தங்காது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

யுத்தம் முடிந்தும் அரிசிப் பஞ்சம் முடியாத வருஷம் அது. ரேஷனில் அளந்த மக்காச்சோளத்தைக் கொட்டாம்பட்டியே திட்டிக்கொண்டு தின்றது. முருகம்மாளோ தண்ணிக் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தன் பங்கையும் கோழிக்கே கொட்டினாள். வேறெங்காவது போய் முட்டையிட்டுவிடக் கூடாதென்று, அதை வெளியே விடாமல் மூங்கில் கூடையான பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள்ளேயே அடைத்து வைத்தாள். களையெடுத்துவிட்டு வந்து பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால், ஒரு நாளும் முட்டையைக் காணோம்.

"நீ வாயத் தொறந்து ஒத்துக்கிட மாட்ட. நான் கருப்பன்கிட்டச் சொல்லிக்கிறேன்!"

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். திருட்டுக் கொடுத்தவர்கள் கருப்பன் வேலில் கோழியைக் குத்திச் சாபம் விட்டால், திருடியவள் குடும்பம் விளங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பாதி வழியிலேயே கோழியின் கனத்தில் அவளுக்குக் கை கடுத்தது.

"வேணாம் மதினி! மாசமா இருக்குற புள்ள என் வீட்ல இருக்கு!" ராமக்காள் அழுதுகொண்டே பின்னால் ஓடி வந்தாள்.

"அப்ப எம் மக மட்டும் மரக்கட்டையா?"

பூசாரி விருமாண்டி கோழியை வாங்கி வேலில் குத்தினார். முருகம்மாள் கூந்தலை அவிழ்த்துப் போட்டு மண்ணை வாரித் தூற்றினாள்.

"கருப்பா! எங்கோழிய முட்டையில்லாம ஆக்குன கை எந்தக் கையோ, அந்தக் கைக்காரி வீட்ல தொட்டில் ஆடக் கூடாது!"

குத்திய கோழி பூசாரிக்குத்தான். அவர் அங்கேயே உட்கார்ந்து வயிற்றை அறுத்தார். உள்ளே விரல் நுழைய இடமில்லாமல் மஞ்சள் கொழுப்பு அடைத்துக் கிடந்தது.

"இது எங்கிட்டு முட்டை வைக்கும்? மேய விடாம வெறுஞ் சோளத்தையே போட்டுக் கொழுக்க வச்சா, முட்டை நின்னு போகும்ல? யாரு தாயி இதுக்குத் தீனி போட்டது?"

முருகம்மாள் தன் கைகளைப் பார்த்தாள். மறு நிமிஷம் வேலின் அடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தாள் முருகம்மாள்.

"கருப்பா... நான் சொன்னது உன் காதுல விழுகலதானே?"