பதினேழாவது முத்திரை

"இவ முட்டியை நம்பிக் கிளம்பினேன் பாருங்க, அடுத்த ஜென்மத்துலதான் போய்ச் சேருவேன்!"

மலை விடுதிக்குள் நுழையும்போதே பெரியவர் மருமகளைப் பொரிந்து தள்ளினார். பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்து வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அரை மணிக்கொரு தரம் உட்கார்ந்துடுறா சார். எழுபது வயசு நான் நடக்குறேன், இவளுக்கு முப்பதுகூட ஆகலை!"

"சாரி மாமா."

விடுதிக் காப்பாளருக்குப் பெரியவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மலைத்தொடரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அறுநூறு கிலோமீட்டர் நடை. வழியில் தங்கும் ஒவ்வொரு விடுதியிலும் நடைப் புத்தகத்தில் ஒரு முத்திரை. பெரியவரின் புத்தகத்தில் பதினாறு சேர்ந்திருந்தது.

நாளைக்கு ஏறவேண்டியது கணவாய். உடம்புக்கு முடியாதவர்களுக்கு இந்த விடுதியில் முத்திரை கிடையாது; காலை ஜீப்பில் கீழே அனுப்பிவிட வேண்டும். யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்று பார்ப்பது காப்பாளர் வேலை.

சற்றுப் பொறுத்து ஜன்னல் வழியே பார்த்த காப்பாளர் திகைத்துப்போனார். முட்டி வலிக்காரி தண்ணீர் பாட்டில்களோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் மறுபடி நொண்டல். இந்தத் தடவை இடது கால்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வலியா, நடிப்பா? நடக்கச் சோம்பல் என்றால் இவ்வளவு தூரம் எதற்கு வந்தாள்?

காலையில் முத்திரையைக் கையில் எடுத்தார்.

"முட்டி வலியோட கணவாய்க்கு விடமுடியாதும்மா. நீ ஜீப்புல இறங்கிடு. ஐயா மட்டும் போகட்டும்."

அவள் முகம் வெளிறியது. "ஐயோ, அவரைத் தனியா விடாதீங்க! எனக்கு வலியெல்லாம் இல்லை சார்."

"அப்ப நேத்து?"

அவள் மாமாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"வலிச்சது... இப்ப இல்லை."

"எந்த முட்டி?"

அவள் கை வலது முட்டிக்குப் போய், இடது முட்டிக்கு மாறியது.

"ஒண்ணு வலி, இல்லேன்னா பொய். ரெண்டுல எதுக்கும்மா நான் முத்திரை குத்துறது?"

பெரியவர் மெல்ல எழுந்து வந்தார். மேஜையிலிருந்த தன் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மருமகளுடையதைக் காப்பாளர் பக்கம் நகர்த்தினார்.

"அவளுக்குக் குத்துங்க சார். எனக்கு மூச்சு வாங்குறப்ப மட்டும்தான் அவளுக்கு முட்டி வலிக்கும்."