பின்பக்கத்து கோர்ட்

“மேடம், கொஞ்ச நாளைக்கு உங்க கோர்ட்டை எங்களுக்குத் தர்றீங்களா? நீங்க எங்களோடதுல ஆடிக்கங்க.”

கேட்டவன் பல்கலைக்கழக ஆண்கள் டென்னிஸ் அணியின் கேப்டன். நெட்டை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

பெண்கள் அணியின் கோச்சுக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏம்ப்பா, புது வலை உங்களுக்கு, புதுப் பந்து உங்களுக்கு, வெளியூர் போக வேன் உங்களுக்கு. எங்ககிட்ட இருக்கிறது பின்பக்கத்துல ஓட்டை உடைசலா ஒரே ஒரு கோர்ட். அதையும் பிடுங்கணுமா?”

“அங்கே மரநிழல் இருக்கு மேடம். எங்க பக்கம் வெயில் தாங்கலை.”

மரநிழலாம்! அந்த மரத்தின் வேர்தான் தரையைத் தூக்கி, கோர்ட் முழுக்க விரிசல் விட வைத்திருந்தது. போன வருடம் பெண்கள் கேப்டன் அதில் கால் பிசகி, இறுதிப் போட்டியை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

கோச் நேரே விளையாட்டுத் துறை டைரக்டரிடம் போனார். ஆண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவரேதான்.

“பசங்க ஆசையாக் கேக்கிறாங்க. விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?”

“கொடுக்கிறேன் சார். தரையைச் சரி பண்ணித் தாங்கன்னு வருஷக்கணக்கா நான் கேக்கிறது என்னாச்சு?”

“பொண்ணுங்களை நல்ல ஷூவா வாங்கிப் போடச் சொல்லுங்க. எல்லாம் சரியாயிடும்.”

அதற்கு மேல் பேசினால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று கோச் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் முதல் இடம் மாறியது.

“மேடம், இங்கே பந்து நேரா வருது!” என்று அதிசயத்தைக் கண்டவள் போலக் கத்தினாள் ஒருத்தி.

“வர்ற பந்தை அடிடி முதல்ல” என்று சிடுசிடுத்தார் கோச்.

இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. பின்பக்கத்து கோர்ட்டிலிருந்து, “ஐயோ, அம்மா!” என்று ஒரு அலறல்.

நெட்டை முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தான். சுற்றி நின்ற பையன்கள் ஆளுக்கொரு பக்கம் கூச்சல் போட்டார்கள். டைரக்டர் கழுத்து விசில் குதிக்க ஓடி வந்தார்.

“என்னய்யா தரை இது? மனுஷன் ஆடுற இடமா, கழுதை மேயுற இடமா? பசங்க காலை உடைச்சுக்கணுமா? நாளைக்கே வேலைக்கு ஆள் வந்தாகணும்!”

வந்தார்கள். வேரை வெட்டினார்கள், பழைய தரையைப் பெயர்த்தார்கள், புதிதாகப் போட்டு நீலப் பெயின்ட் அடித்தார்கள்.

வேலி ஓரமாக நின்று பார்த்த கோச், பக்கத்தில் நின்ற பெண்கள் கேப்டனிடம் திரும்பினார்.

“பார்த்தியா? உனக்குக் கால் பிசகினப்ப ‘ஷூ வாங்கு’. அவனுக்கு முட்டி சிராய்ச்சதும் லாரி லாரியா ஜல்லி!”

“விடுங்க மேடம். நமக்குத்தான் பழகிப்போச்சே” என்றாள் பெண்கள் கேப்டன்.

“பழகாதே! அதைக் கேட்டாத்தான் எனக்கு இன்னும் எரியுது.”

இனி அந்தக் கோர்ட் திரும்பக் கிடைக்காது என்று கோச் முடிவு கட்டிவிட்டார். பெயின்ட் காய்ந்த அன்று நெட்டை தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும், அவன் வாயைத் திறக்கும் முன்பே பிடித்துக்கொண்டார்.

“வாப்பா ராசா! புதுக் கோர்ட்டும் உங்களுக்குத்தானே? சொல்லிட்டுப் போக வந்தியா? தாராளமா எடுத்துக்கங்க. நாங்க ரோட்டுல ஆடிக்கிறோம்!”

நெட்டை பாக்கெட்டிலிருந்து கோர்ட் கதவின் சாவியை எடுத்து நீட்டினான்.

“இல்லை மேடம். உங்க கோர்ட்டை நீங்க எடுத்துக்கங்க. நாங்க எங்க இடத்துக்கே போயிடுறோம்.”

கோச் சாவியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“ஏன், இப்ப வெயில் தாங்குமாக்கும்?”

அவன் பிடரியைச் சொறிந்துகொண்டே சிரித்தான்.

“நாங்க உங்ககிட்ட கோர்ட் கேக்கிறதுக்கு முந்தின வாரம், தரையைப் பத்தி நீங்க டைரக்டர் ரூம்ல அவ்வளவு சத்தம் போட்டீங்களே, அப்ப நாங்க வாசல்லதான் நின்னுட்டிருந்தோம் மேடம். நீங்க சொன்னது எதுவும் அவர் காதுல விழலை. அதான், நாங்க வந்து கோர்ட்ல விழுந்தோம்.”