ஒரு ஸ்டாப் குறைவாக

"ரெண்டு ஸ்டாப் ஏத்திரு தாயி. அந்தம்மா காலையிலயும் போன் பண்ணிருச்சு" என்றார் ரொனால்டு.

வினோலியா ஏற்றவில்லை. ஒரு ஸ்டாப் ஏற்றினால் கேமராவுக்குள் வெளிச்சம் இரண்டு மடங்கு.

அகரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன வேதக் கோயிலில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்யாணம். பத்து மணி வெளிச்சம் பீடத்தின் முன்னால் எப்படி விழுகிறது என்று பார்த்து வைக்க, முதல் நாளே அதே நேரத்துக்கு வந்திருந்தார்கள்.

ஸ்டுடியோ ரொனால்டுடையது. கேமராவும் அவருடையதுதான். பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறி மூன்று வருஷம்தான் ஆகிறது. ஆனால் கேமராவோடு வந்த புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தது, அவரிடம் வேலை பார்க்கும் வினோலியா.

அந்தம்மா என்பது மாப்பிள்ளையின் அம்மா. பெண் கறுப்பு. ஆல்பம் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கெல்லாம் போகும், பெண் வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தது. இல்லாவிட்டால் சின்ன மகன் கல்யாணத்துக்கு வேறு ஸ்டுடியோ.

வழக்கமாக இதெல்லாம் கம்ப்யூட்டரில் முடிந்துவிடும். ஸ்டுடியோவில் அதற்கு 'வெள்ளையடிக்கிறது' என்று பெயர். வெள்ளையடிக்கத் தெரிந்த ஒரே ஆள் வினோலியா.

மூன்று வருஷமாக அடித்தாள். அம்மைத் தழும்பு முகம், வெயிலில் வெங்காயம் அறுத்த முகம், செங்கல் சுமந்த முகம், எல்லாவற்றையும் ஒரே மைதா மாவாக்கினாள். செபஸ்தியம்மாள் என்று ஒரு அம்மா, மகளின் ஆல்பத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, இதில் என் பிள்ளை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனது. வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

இந்த ஆல்பத்துக்கு அடிக்க மாட்டேன் என்று வினோலியா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அதனால்தான் கேமராவிலேயே ஏற்றச் சொல்லி ரொனால்டு கெஞ்சிக்கொண்டிருந்தார்.

படம் எடுத்துப் பார்க்க, பெண் நிற்கும் இடத்தில் ஓர் ஆள் வேண்டும். வெள்ளைப் பட்டுச் சேலையை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, சுடிதார் மேலேயே சுற்றிக்கொண்டு அவளே பீடத்தின் முன்னால் போய் நின்றாள்.

முதலில் கேமராவை ஆட்டோவில் வைத்து, அதன் கணக்குக்கே விட்டு, படம் அடிக்கச் சொன்னாள். சேலை சாம்பல் நிறமாக வந்தது. முகம் கரிக்கட்டை. கேமராவுக்கு ஆள் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். இம்புட்டு வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சம் கூடிப்போச்சு என்று பயந்து, தானாகக் குறைத்துக்கொள்ளும்.

அடுத்தது அவர் இஷ்டப்படி, ரெண்டு ஸ்டாப் ஏற்றி. முகம் வெளுத்தது. சேலையில் ஜரிகையைக் காணவில்லை, மடிப்பைக் காணவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பைச் சுற்றிக்கொண்டு யாரோ ஒருத்தி நின்றாள்.

வினோலியா ஃப்ளாஷைக் கழற்றிப் பையில் போட்டாள். கேமராவை மேனுவலுக்கு, கையால் திருகிவைக்கும் கணக்குக்கு மாற்றினாள். ஜன்னல் பக்கமாகப் புறங்கையை நீட்டி, அதை மட்டும் அளந்தாள். உள்ளங்கை உதவாது, அது எல்லோருக்கும் வெளுப்பு. இது பதினாறு வயது வரை சித்தையன்கோட்டை வயலில் களை பறித்த புறங்கை. அதைப் பார்த்து கேமரா ஒரு கணக்குச் சொல்லும். கறுப்பைக் கண்டால் வெளுக்கப் பார்க்கிற கணக்கு. அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்தாள்.

ஐஎஸ்ஓ நானூறு. அப்பர்ச்சர் நாலு. ஷட்டர் அறுபதில் ஒன்று.

மறுபடி போய் நின்றாள். ரொனால்டு அடித்தார்.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஜரிகை இழை இழையாக இருந்தது. முகம் கறுப்பாக இருந்தது. கறுப்பிலேயே கன்ன மேடு இருந்தது, மூக்கு நுனி வேர்வை இருந்தது, புருவத்துக்கு மேலே கதிரறுவாள் கிழித்த கோடு இருந்தது.

கறுப்பாத்தான் இருக்கு என்றார் ரொனால்டு.

ஆமா என்றாள்.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கிழித்து, கேமராவில் திருகுகிற இடங்களிலெல்லாம் ஒட்டினாள். நாளைக்குப் பொத்தானை மட்டும் அமுக்கினால் போதும், வேறு எதிலும் கை படக்கூடாது என்றாள். சேலையை மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்து மூடினாள்.

ரொனால்டு கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"அந்தம்மாவுக்கு நான் என்னத்தா பதில் சொல்றது?"

"நீங்க எதுக்குண்ணே சொல்றீங்க? நாளைக்கு அந்த வீட்டுக்கு வாழப் போறவ நானு. நானே சொல்லிக்கிறேன்."