முப்பது தறிகள்

பதினோராவது தடவையும் அவள் குரலை மீறித் தறிச்சத்தம்தான் பதிவாகியிருந்தது.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

ஜன்னலுக்குக் கம்பளி கட்டியாயிற்று. கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்தாயிற்று. ஒரு செல்போன், யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஒரு மைக். அதற்கு மேல் வசதியில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது விசைத்தறிகள். அவளும் அங்கேதான் நூல் சுற்றுகிறாள். இன்று அவள் மட்டும் லீவு.

அவளே கட்டிய பாட்டு. உள்ளூர் ரேடியோவுக்கு ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

"உட்டுரலாமுங்க. இது ஆவற காரியமில்லீங்க" என்றாள் கணவனிடம்.

அங்கமுத்து மனைவியைப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தறி நின்றது.

பிறகு இன்னொன்று.

பிறகு நான்கைந்து.

கரண்டு போனால் எல்லாம் ஒரே மூச்சில் நிற்கும். இப்படி நிற்காது. யாரோ ஒவ்வொன்றாகக் கையால் நிறுத்துகிறார்கள்.

நெய்கிற மீட்டருக்குத்தான் அங்கே கூலி.

கடைசித் தறியும் நின்றது.

கரண்டு போகிற நேரத்தில்கூட ஆட்கள் வெளியே வந்து சளசளவென்று பேசுவார்கள். இப்போது பேச்சும் இல்லை.

ஹெட்போனை மாட்டினாள். தன் மூச்சு கேட்டது. வெளியே யாரோ இருமலை அடக்கிக்கொண்டது கேட்டது.

பாடினாள். தறியை மீறிக் கேட்கிற அவளுடைய வழக்கமான குரல், அறையில் மோதித் திரும்பியது.

நிறுத்திவிட்டாள்.

இப்போது எதை மீற வேண்டும்?

மறுபடி எடுத்தாள். தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் பாடுவதுபோல.

தனக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே தெரியாது. அது எங்கே வளைகிறது, எங்கே நடுங்குகிறது, எல்லாம் கேட்டது. பயமாக இருந்தது. பயந்துகொண்டே கடைசி வரி வரை போனாள்.

கதவைத் திறந்தாள்.

சந்து நிறைய ஆட்கள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. தறி முதலாளியும் நின்றிருந்தார். செருப்புகளையெல்லாம் சந்து முனையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

மூத்த தறிக்காரர் குப்பண்ணன் பக்கத்தில் வந்தார். பேசினால் நாலு வீதிக்குக் கேட்கும் மனிதர். கிசுகிசுத்தார்.

"முடிஞ்சுதா கண்ணு?"

தலையை ஆட்டினாள்.

பாட்டைக் கேட்காமல் ஒருவரும் தறிக்குத் திரும்புவதாக இல்லை.